மாவட்ட கிரிக்கெட் லீக் தளம்: வேர்ட்பிரஸா, ஜூம்லாவா, ட்ருபலா?

லீக்_மேசை:

வணக்கம். எங்கள் மாவட்ட லீக்குக்குப் புதுத் தளம் போட வேண்டும். மூன்று டிவிஷன், டிவிஷனுக்கு 12 அணி, ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு ஒருமுறை மோதும். டிவிஷனுக்கு 66 ஆட்டம், மொத்தம் 198. எல்லாமே 20 ஓவர். பதிவு செய்த வீரர்கள் சுமார் 600 பேர். இப்போது இருப்பது ஜூம்லா 3-ல் ஓடும் பழைய தளம். அதில் செய்தி மட்டும்தான் போகிறது. ஸ்கோர் முழுக்க எக்செல்லில் கிடக்கிறது, பாதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில்.

வேண்டியது: ஆட்ட அட்டவணை, ஸ்கோர்கார்டு, நெட் ரன்ரேட்டோடு (ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தது) புள்ளிப் பட்டியல், வீரர் புள்ளிவிவரம், தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி. பந்துக்குப் பந்து நேரலை வேண்டாம், ஆட்டம் முடிந்த அன்று இரவு ஏறினால் போதும். ஏற்றப்போகிறவர்கள் இரண்டு பேர், பெரும்பாலும் போனில். ஹோஸ்டிங் சாதாரண ஷேர்டு (பல தளங்கள் பகிரும் சர்வர்), அதை நிர்வகிக்க சிபேனல் உண்டு. டெவலப்பருக்குக் கொடுக்கக் காசில்லை. ஓப்பன் சோர்ஸ் சிஎம்எஸ்களில் (தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ருபல், எதை எடுப்பது?

மூன்றாம்_நடுவர்:

இந்த நிபந்தனைகளுக்கு வேர்ட்பிரஸ், அதன்மேல் விளையாட்டு லீக்குகளுக்கான ஸ்போர்ட்ஸ்பிரஸ் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்), அதோடு கிரிக்கெட்டுக்கென்றே இருக்கும் அதன் இணைப்புப் பிளகின். அணி, வீரர், ஆட்டம், மைதானம், லீக், சீசன் எல்லாம் தனித்தனிப் பதிவுகளாக வந்துவிடும். லீக் மேலாளர், ஆட்ட மேலாளர் என்று பயனர் பொறுப்புகளும் சேர்ந்தே வரும். ஸ்கோர் ஏற்றுகிறவர்களுக்கு ஆட்ட மேலாளர் போதும், அட்மின் கொடுக்காதீர்கள்.

நிறுவுவது அரை மணி நேர வேலை. தலைவலி நெட் ரன்ரேட்டில்தான். ஸ்கோர்போர்டில் 18.3 என்று எழுதினால் அது 18 ஓவர் 3 பந்து, அதாவது 111 பந்து, கணக்கில் 18.5 ஓவர். மென்பொருளுக்கு அது தெரியாது. 18.3 என்ற தசம எண்ணாகவே எடுத்து வகுக்கும்.

ஓர் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் அணி 20 ஓவரில் 152. இரண்டாம் அணி 18.3-ல் 148-க்கு ஆல் அவுட். விதிப்படி ஆல் அவுட் ஆன அணிக்கு முழு 20 ஓவரும் கணக்கு. ஆகவே ஜெயித்த அணிக்கு 7.6-லிருந்து 7.4 போக +0.200. ஆல் அவுட் விதியை மறந்து 111 பந்தைப் போட்டால் 7.6-லிருந்து 8.0 போய் -0.400. 18.3-ஐ அப்படியே விட்டால் -0.487. ஜெயித்த அணிக்கு மைனஸ் விழுந்தால் மறுநாள் காலை உங்கள் போன் ஓயாது.

தீர்வு: ஆட்ட முடிவுக்கான களங்களில் 'ரன்', 'கணக்குப் பந்து' என்று இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். 'ஓவர்' என்று மூன்றாவதாக ஒன்று, வெறும் காட்சிக்கு. பட்டியல் நெடுவரிசையின் சமன்பாட்டில் எடுத்த ரன்னை எடுத்த பந்தால் வகுத்து, கொடுத்த ரன்னைக் கொடுத்த பந்தால் வகுத்துக் கழித்து, மொத்தத்தை 6-ஆல் பெருக்க வேண்டும். தசம இடம் 3. இதில் ஒரு நன்மை, பிளகின் சீசன் முழுதுக்குமான கூட்டுத்தொகையைத்தான் சமன்பாட்டுக்குள் போடுகிறது. ஆட்டத்துக்கு ஒன்றாக ரன்ரேட் போட்டுச் சராசரி எடுப்பது தவறு, எக்செல்லில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

கணக்குப் பந்தில் என்ன போடுவது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடமும் கொடுத்துவிடுங்கள். ஆல் அவுட் என்றால் 120. 17.2-ல் துரத்தி முடித்தால் 104. மழையால் இலக்கு மாறினால் முதல் அணியின் கணக்கில் இலக்கில் ஒன்று குறைத்த ரன்னும், இரண்டாம் அணிக்கு ஒதுக்கிய ஓவரின் பந்துகளும். முடிவில்லாத ஆட்டத்துக்கு இரு களமும் காலி, புள்ளி மட்டும். இவை பொதுவான ஆட்ட விதிகள். உங்கள் லீக் கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும்.

இன்னொன்று. ஸ்கோர்கார்டைச் சேமித்த பிறகு கடைசி ஏழெட்டு வீரர்களின் எண்கள் மட்டும் காணாமல் போனால் போன் மேல் பழி போடாதீர்கள். வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பி, வழக்கமான அமைப்பில் ஒரு படிவத்தில் 1000 களத்துக்கு மேல் வாங்காது, மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். சிபேனலில் பிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரைத் திறந்து மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்ற மதிப்பை 3000 ஆக்குங்கள். அதோடு தேவையில்லாத நெடுவரிசைகளையும் எடுத்துவிடுங்கள். ரன், பந்து, நான்கு, ஆறு, அவுட் ஆன விதம், வீசிய பந்து, கொடுத்த ரன், விக்கெட், இவ்வளவு போதும். ஸ்ட்ரைக் ரேட், எகானமியைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும்.

ஜூம்லா_ஜாம்பவான்:

ஏற்கெனவே ஜூம்லாவில் இருப்பதால் ஒரு வார்த்தை. ஜூம்லா 3-க்கான ஆதரவு 2023 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது, ஆகவே எதை எடுத்தாலும் இப்போதைய தளத்தை அப்படியே வைத்திருக்க முடியாது. 3.10-க்கு வந்து, அங்கிருந்து 4, பிறகு 5 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். கட்டுரைகளும் பயனர்களும் பத்திரமாக வந்துவிடும். டெம்ப்ளேட்டும் பழைய நீட்சிகளும் (ஜூம்லாவின் பிளகின்கள்) வராது.

ஜூம்லாவின் பலம் இரண்டு. பல மொழி வசதி உள்ளேயே இருக்கிறது, தனிப் பிளகின் வேண்டாம். அனுமதிக் கட்டமைப்பும் நுணுக்கமானது. இரண்டாம் டிவிஷன் செய்தியை இவர் மட்டும்தான் தொடலாம் என்று வகைவாரியாகப் பூட்டலாம். விளையாட்டு நீட்சிகளில் ஜூம்ஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் எந்த நீட்சியானாலும் உங்கள் ஜூம்லா பதிப்புக்கு அது வந்திருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள். மூன்றாம் பதிப்போடு நின்றுபோன நீட்சிகள் ஏராளம்.

உங்கள் பழைய தளத்தில் செய்தி மட்டும்தான் என்றால் ஜூம்லாவிலேயே இருக்கப் பெரிய காரணம் இல்லை. ஜூம்லாக்காரன் நானே சொல்கிறேன்.

லீக்_மேசை:

நன்றி. அப்போது வேர்ட்பிரஸ் பக்கம்தான் சாய்கிறேன். இரண்டு சந்தேகம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வைத்தால் வீரர் பக்கம் இரண்டு ஆகிவிடாதா? பாமினி எக்செல்லை எப்படி உள்ளே கொண்டுவருவது?

யூனிகோட்_காவலர்:

முதல் கேள்விக்கு: ஆகும், விட்டால் கண்டிப்பாக ஆகும். பாலிலாங் போன்ற பல மொழிப் பிளகின் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பதிவு உண்டாக்கும். வீரரை மொழிபெயர்த்தால் தமிழ் வீரர் ஒருவர், ஆங்கில வீரர் ஒருவர் என்று டேட்டாபேஸில் இரண்டு ஆட்கள். ஸ்கோர்கார்டு ஒருவரைத்தான் சுட்டும், இன்னொருவர் பக்கம் பூஜ்ஜியமாக நிற்கும். பாலிலாங் அமைப்பில் எந்தப் பதிவு வகைகளை மொழிபெயர்க்கலாம் என்று டிக் அடிக்கும் இடம் உண்டு. அங்கே அணி, வீரர், ஆட்டம், பட்டியல் எதற்கும் டிக் வேண்டாம். செய்தி, பக்கம், மெனு மட்டும் இரு மொழி. வீரரின் ஆங்கிலப் பெயரைத் தனிக் களமாக அதே பக்கத்தில் காட்டுங்கள்.

பாமினி: அது எழுத்துரு வேஷம்தான். திரையில் 'அம்மா' என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி, 'இ' என்ற எழுத்துக்குக் காற்புள்ளி. அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பில் களங்களைப் பிரிப்பதும் இதே குறிகள்தான். எக்செல் மேற்கோள்குறி போட்டுக் காப்பாற்றும். ஆனால் யாராவது நோட்பேடில் திறந்து கைவைத்தால் இளங்கோவன் இரண்டு நெடுவரிசையாக உடைந்து நிற்பார். ஆகவே யூனிகோடாக (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றுவது முதலில், சிஎஸ்வி ஆக்குவது பிறகு. மாற்றும்போது பாமினியில் இருக்கும் நெடுவரிசையை மட்டும் யூனிகோட் மாற்றிக் கருவியில் போடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் இனிஷியலும் அணிச் சுருக்கமும் அதற்குள் போனால் அர்த்தமற்ற தமிழாகிவிடும்.

சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் 'சிஎஸ்வி' என்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகும், திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

இறக்குமதியில் கவனிக்க வேண்டியது பெயர். ஸ்போர்ட்ஸ்பிரஸ் வீரரைப் பெயரை வைத்தே தேடுகிறது. 'எஸ். கார்த்திக்' ஓரிடத்தில், 'கார்த்திக் எஸ்' இன்னோரிடத்தில் என்றால் இரண்டு வீரர். மாறாக, இரண்டு அணியில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இருவர் ரன்னும் ஒருவர் தலையில் ஏறும். 600 பேரில் இது நடக்காமல் இருக்காது. பதிவு எண்ணைப் பெயரோடு ஒட்டிவிடுங்கள், 'கார்த்திக் எஸ் 214' என்பதுபோல. சீசன் முழுக்க ஏறிய பிறகு வேண்டுமானால் எண்ணை நீக்கிக்கொள்ளலாம். வரிசை: முதலில் அணிகள், அடுத்து வீரர்கள், கடைசியில் ஆட்டங்கள். தேதி வடிவத்தை இறக்குமதித் திரையில் நாள்-மாதம்-ஆண்டு என்று மாற்ற மறந்தால் தேதிகள் தவறாக ஏறும்.

அப்புறம் இணைய முகவரி. தமிழில் அணிப் பெயர் வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே உண்டாக்கும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் உள்ளே 9 எழுத்தாக விரியும், அதிகபட்சம் 200 எழுத்து. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'திருநெல்வேலி' 12 குறி, 108 எழுத்து. 'கிரிக்கெட்' 10 குறி, 90 எழுத்து. நடுவில் ஒரு கோடு, மொத்தம் 199. அதற்குப் பின் 'கழகம்' என்றாலும் 'அகாடமி' என்றாலும் இடமில்லை. இரண்டு அணிக்கும் ஒரே முகவரி வந்து, இரண்டாவதன் வாலில் 2 ஒட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகள். அணி, வீரர் முகவரிகளைக் கையாலேயே சுருக்கமாக ஆங்கில எழுத்தில் கொடுங்கள்.

தரவு_தச்சன்:

எல்லாரும் வேர்ட்பிரஸ் என்கிறீர்கள், சரிதான். ஆனால் தேர்வு செய்யும் முன் ஒரு சோதனை. எந்த சிஎம்எஸ்ஸாக இருந்தாலும் சோதனைத் தளத்தில் ஒரு வீரருக்கு இரண்டு ஆட்டம் ஏற்றுங்கள். அவரை வேறு அணிக்கு மாற்றுங்கள். இன்னொரு ஆட்டம் ஏற்றுங்கள். பழைய ஆட்டத்தின் ஸ்கோர்கார்டில் அவர் பழைய அணியில்தான் தெரிகிறாரா? சீசன் மொத்தம் மூன்று ஆட்டத்தையும் கூட்டுகிறதா? இதில் தவறினால் தீம் எவ்வளவு பளபளத்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஒரு சீசனுக்கு யாரும் கவனிக்க மாட்டார்கள், மூன்றாவது சீசனில் அதிக ரன் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.

ட்ருபல் இதில் கச்சிதம். அணி, வீரர், ஆட்டம் மூன்றோடு 'ஆட்டப் பங்கு' என்று நாலாவது வகை ஒன்றை உண்டாக்கி, எந்த ஆட்டம், எந்த வீரர், அன்று எந்த அணி, எத்தனை ரன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ட்ருபலின் பட்டியல் கருவியான வியூஸில் வீரர்வாரியாகக் கூட்டுத்தொகை எடுத்தால் பட்டியல் தயார். ஸ்போர்ட்ஸ்பிரஸ் ஓர் ஆட்டத்தின் 22 பேர் எண்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி மெட்டா அட்டவணையில் (பதிவுகளின் கூடுதல் விவரங்கள் கிடக்கும் டேட்டாபேஸ் அட்டவணை) போடுகிறது. நேரடியாக எஸ்கியூஎல் (டேட்டாபேஸைக் கேட்கும் மொழி) எழுதி எளிதில் எடுக்க முடியாது, ஆட்டம் பெருகப் பெருக வீரர் பக்கம் மெதுவாகும்.

ஆனால் ட்ருபலுக்கு கம்போசர் (துணை மென்பொருள்களை நிறுவும் கருவி) வேண்டும், கட்டளைத் திரை வேண்டும், புதுப்பிக்கத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ட்ருபல் 7 ஆதரவு 2025 ஜனவரியில் நின்றபோது ஆளில்லாத தளங்கள் அநாதையாயின. உங்கள் ஷேர்டு ஹோஸ்டிங்கில், டெவலப்பர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். 198 ஆட்டம் ஸ்போர்ட்ஸ்பிரஸுக்குப் பெரிய சுமையும் அல்ல.

மூன்றாம்_நடுவர்:

ஒப்புக்கொள்கிறேன், மெட்டா அட்டவணைதான் அதன் பலவீனம். பக்க கேஷ் (பக்கத்தின் தயார் நகலைச் சேமித்துக் காட்டுவது) போட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வர் என்றால் அதன் கேஷ் பிளகின், இல்லையென்றால் டபிள்யூபி சூப்பர் கேஷ். ஸ்கோர் ஏற்றியும் புள்ளிப் பட்டியல் மாறவில்லை என்ற புகார் வந்தால் பத்தில் ஒன்பது தடவை கேஷ்தான். ஆட்டத்தைச் சேமித்ததும் பட்டியல் பக்கத்தின் கேஷையும் அழிக்கச் சொல்லுங்கள்.

நேர மண்டலத்தை முதல் நாளே கொல்கத்தா என்று வையுங்கள். யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) விட்டுவிட்டு அட்டவணை ஏற்றினால் ஆட்டங்கள் ஐந்தரை மணி நேரம் தள்ளியே தொடங்கியதாகக் கணக்காகும். வரப்போகும் ஆட்டங்கள் 'திட்டமிடப்பட்டவை' என்ற நிலையில் காத்திருந்து, நேரம் வந்ததும் வேர்ட்பிரஸின் உள் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது) வழியாக வெளியாகின்றன. அந்தக் கிரானோ யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும், கேஷ் இருந்தால் அதுவும் சந்தேகம். உள் கிரானை அணைத்துவிட்டு சிபேனலில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை உண்மையான கிரான் வேலை ஒன்று போட்டுவிடுங்கள்.

லீக்_மேசை:

துணை டொமைனில் சோதனைத் தளம் போட்டு, அந்த அணி மாறும் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். சரியாக வந்தால் அதையே முதன்மை டொமைனுக்கு நகர்த்தலாமா, டேட்டாபேஸ் கோப்பில் முகவரியைத் தேடி மாற்றினால் போதுமா?

தரவு_தச்சன்:

நகர்த்தலாம். ஆனால் டெக்ஸ்ட் எடிட்டரில் தேடி மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைப் பொட்டலமாகக் கட்டும்போது ஒவ்வொரு சரத்தின் நீளத்தையும் கூடவே எழுதிவைக்கிறது. துணை டொமைனின் பெயர் நீளமானது, முதன்மை டொமைன் குட்டை. முகவரி மாறி நீளம் மாறாமல் இருந்தால் அந்தப் பொட்டலம் பிரியாது, விட்ஜெட்டும் தீம் அமைப்பும் காலியாக நிற்கும். வேர்ட்பிரஸின் கட்டளைத் திரைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ-யின் தேடி மாற்றும் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். ஹோஸ்டிங்கில் அது இல்லை என்றால் அதே வேலையைச் செய்யும் பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் பிளகின் போதும், முதலில் ஒத்திகை ஓட்டம் என்ற டிக்கோடு ஓட்டுங்கள். அதற்கும் முன்னால் டேட்டாபேஸ் பேக்கப் ஒன்றை உங்கள் கணினிக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதே சர்வரில் கிடக்கும் பேக்கப்பை நம்ப வேண்டாம்.