சங்கத்து நட்பை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி:
தர்மபுரியில் 14 வருடமாக மெடிக்கல் ரெப். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி போட ஆசை. எங்கள் மெடிக்கல் ரெப் சங்கத்தில் இருந்த மூத்தவர் ஒருவர் அங்கே நர்சரி நடத்துகிறார். "வா தம்பி, கால் ஏக்கர் தருகிறேன், வாடகை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில் 1:
நானும் பையைத் தூக்கிக்கொண்டு அரூர், ஊத்தங்கரை என்று பஸ் ஏறியவன்தான். 2016இல் வேலையை விட்டு, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரக மாங்காய் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் சீசனிலேயே விலை இறங்கிவிட்டது. லாரி வாடகை கொடுக்கக் கையில் காசு இல்லை. சங்கத்து நண்பர்கள் மூன்று பேர் ராத்திரி பத்து மணிக்கு வந்து ஆளுக்குப் பத்தாயிரம் வைத்துவிட்டுப் போனார்கள். டாக்டர் கிளினிக் வாசலில் மணிக்கணக்கில் சேர்ந்து நின்ற பழக்கம் அது. ஒருவனை மாற்றல் போட்டபோது எல்லோரும் போய் நின்றோம். அந்த மனிதர்களை நம்பலாம்.

ஆனால் தொழிலை நீங்கள்தான் கற்க வேண்டும். ஒட்டுக் கட்டுவதற்கு, நல்ல ரகத் தாய்மரக் குச்சியை ஆப்பு மாதிரி சீவி, மாங்கொட்டையில் முளைத்த செடியின் தண்டைப் பிளந்து அதில் சொருகி, பாலித்தீன் நாடா சுற்றப் பழகுங்கள். நாடா தளர்ந்தால் ஒட்டு பிடிக்காது.

பதில் 2:
அண்ணா, இடத்துக்கு மட்டும் எழுத்து போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் பிள்ளைகள் கேட்பார்கள்.

கேட்டவர்:
சரிங்க. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய் ஒட்டுக் கட்டிப் பார்க்கிறேன். எழுத்து விஷயத்தையும் நேரிலேயே பேசிவிடுகிறேன்.