வெட் கிரைண்டர் ஷாக் அடித்த விவகாரம்: புதுப்பிப்பு

சுவிட்சை அணைத்த பிறகும் எங்கள் கிரைண்டரைத் தொட்டால் சுரீரென்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது.

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தபோது, வலப்பக்கத் துளைக்குச் சுவிட்ச் வழியாக வர வேண்டிய சிவப்பு பேஸ் (மின்சாரம் கொண்டுவரும்) ஒயர் நேராக இடப்பக்கத்திலும், கறுப்பு நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும்) ஒயர் சுவிட்சிலும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. ஆகவே சுவிட்ச் அணைந்திருந்தாலும் மோட்டாரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருந்தது. மேலே உள்ள பெரிய துளைக்கான பச்சை எர்த் (கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும்) ஒயரோ எதிலும் சேராமல் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. மூன்று பின் பிளக் இருக்கிறதே என்று இத்தனை நாள் நாங்கள் நிம்மதியாக இருந்ததை என்னவென்று சொல்வது!

கிரைண்டரின் பிளக்கில் பழுப்பு பேஸுக்கும், நீலம் நியூட்ரலுக்கும், பச்சை-மஞ்சள் எர்த்துக்கும் சரியாகவே இருந்தன. சுவரில் இருந்த இணைப்புகளைத் திருத்தி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ஒன்றையும் பொருத்திய பின் கிரைண்டரைப் போட்டவுடனே அந்த ஆர்சிசிபி டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்தது. மோட்டார் சுருளில் ஈரம் இறங்கி, மின்சாரம் உடற்பகுதிக்குக் கசிந்திருக்கிறது. இப்போது மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருக்கிறது. மாவு மிக்ஸியில் அரைபடுகிறது.