அப்பா கொடுத்த கடன்: முதலில் பிராதா, ஓ.பி.யா?

தஞ்சாவூர் மகள்:
அப்பா டிசம்பரில் தவறிவிட்டார். பீரோவில் ஒரு புரோநோட் கிடைத்தது. 18.06.2023 தேதி, 4,00,000 ரூபாய், 12 சதவீத வட்டி. எழுதிக்கொடுத்தவர் பட்டுக்கோட்டையில் இருக்கிறார். போன் செய்தால், "உங்க அப்பாகிட்டயே பேசி முடிச்சிட்டேனே" என்கிறார். பேங்கில் நாமினி போடாத ஒரு டெபாசிட்டும் இருக்கிறது. அதற்குக் கோர்ட் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்று கேட்கிறார்கள். முதலில் கோர்ட்டில் ஓ.பி. என்கிற மனு போட்டு அந்தச் சான்றை வாங்குங்கள், பிறகு கடனுக்கு வழக்குப் போடலாம் என்கிறார் ஒரு வக்கீல். அம்மா, நான், தம்பி மூவர்தான் வாரிசு. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று கையில் இருக்கிறது. என்ன செய்ய?

வக்கீல் குமாஸ்தா:
தங்கச்சி, முதலில் தேதியைப் பாரும்மா. புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து 3 வருஷம்தான். 18.06.2026க்குள் பிராது, அதாவது கடனுக்கான வழக்கு மனு, கோர்ட்டுக்குள் போயாக வேண்டும். மே மாத லீவு முடிந்து கோர்ட் திறந்தால் அதிக நாள் இருக்காது. தாமத மன்னிப்பு மனு அப்பீலுக்கு உண்டு, அசல் வழக்குக்குக் கிடையாது.

வாரிசுரிமைச் சட்டம் 214ஆவது பிரிவு தடுப்பது டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, கொடுப்பதைத்தான், பிராது தாக்கல் செய்வதை அல்ல. சான்றைத் தீர்ப்புக்கு முன் கொடுத்தால் போதும். அதனால் மூன்று பேரும் வாதிகளாகப் பிராதை இப்போதே போடுங்கள். தாசில்தார் சான்றையும் அசல் புரோநோட்டையும் சேர்த்து வையுங்கள். அதற்கு முன்னால் நோட்டின் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். வட்டியோடு 5,44,000 ரூபாய் வரும். 3 சதவீதக் கோர்ட் கட்டணம் 16,320.

ஓ.பி.யைத் தனியாகப் போடுங்கள். அதன் பட்டியலில் டெபாசிட்டோடு இந்தக் கடனையும் எழுதச் சொல்லுங்கள். பலர் கடனை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் அதற்கென்று இன்னொரு முறை அலைகிறார்கள்.

சேலத்துக்காரன்:
அண்ணன் சொல்வதைக் கேளுங்கள் அக்கா. என் சித்தப்பா கடனுக்கு நாங்கள் ஓ.பி.யை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். நோட்டீஸ், பேப்பர் விளம்பரம், வாய்தா என்று பத்து மாதம் போனது. சான்று கைக்கு வந்த அன்று நோட்டு காலாவதியாகி ஏழு வாரம் ஆகியிருந்தது. சித்தி அந்தச் சான்றை இன்னும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார்.

தஞ்சாவூர் மகள்:
அண்ணா, நோட்டின் பின்பக்கம் அப்பா பென்சிலில் "2.2.24 வட்டி 6,000 வரவு" என்று எழுதியிருக்கிறார். அதனால் காலம் நீளுமா?

வக்கீல் குமாஸ்தா:
அந்த வரிக்குக் கீழே பணம் கொடுத்தவர் கையெழுத்து இருக்கிறதா? அவர் கையாலேயே எழுதியிருக்க வேண்டும், அல்லது கையெழுத்தாவது போட்டிருக்க வேண்டும். உங்கள் அப்பா எழுத்து மட்டும் என்றால் காலம் நீளாதும்மா. ஆனால் அந்த 6,000 வந்ததைப் பிராதில் மறைக்காதீர்கள், வட்டியில் கழித்துவிடுங்கள். கட்டணமும் கொஞ்சம் குறையும்.

தஞ்சாவூர் மகள்:
கையெழுத்து இல்லை அண்ணா. நோட்டு எழுதியது தஞ்சாவூரில், எங்கள் வீட்டுத் திண்ணையில். பட்டுக்கோட்டைக்குத்தான் போக வேண்டுமா?

வக்கீல் குமாஸ்தா:
வேண்டாம். பணம் கைமாறிய ஊர் தஞ்சாவூர் என்றால் அங்கேயே போடலாம். ஓ.பி.யும் அப்பா கடைசியாகக் குடியிருந்த ஊரில்தான். வக்கீலை நியமிக்கும் வக்காலத்துப் பத்திரத்தில் அம்மாவின் கையெழுத்தை இன்றைக்கே வாங்கிவிடு.