இறந்தகால வினையும் பிரிபொசிஷனும்: ஆங்கில ஆசிரியர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். இறந்தகால வினையோடு பிரிபொசிஷன் (அண்டர், இன், அட் போல இடத்தையோ திசையையோ காட்டும் சொல்) சேரும் இடத்தில்தான் திணறுகிறார்கள்.

'தி போட் டிரிஃப்டட் அண்டர் தி பிரிட்ஜ்' என்று பலகையில் எழுதினேன். படகு பாம்பன் பாலத்துக்கு அடியிலேயே மிதந்துகொண்டிருந்ததா, வெளியிலிருந்து மிதந்து அடியில் வந்ததா என்று ஒரு பெண் கேட்டாள். அருமையான கேள்வி! ஆங்கிலத்தில் இரண்டு பொருளுக்கும் இடமுண்டு. 'ஃபார் டென் மினிட்ஸ்' சேர்த்தால் முதல் பொருளும், 'இன் டென் மினிட்ஸ்' சேர்த்தால் இரண்டாவதும் தூக்கலாகத் தெரியும் என்றேன். தமிழில் 'மிதந்துகொண்டிருந்தது', 'மிதந்து வந்தது' என்று வினையே பிரித்துக் காட்டிவிடும். அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் 'ரீச்ட் டு ராமேஸ்வரம்' என்று தப்பாக எழுதுகிறார்கள். ரீச்ட் வந்தால் டு வேண்டாம், அரைவ்ட் வந்தால் இன் அல்லது அட் வேண்டும். சரி, இது எழுதி எழுதிப் பழகிவிடும்.

ஒரே வாக்கியம் எப்போது இடத்தைச் சொல்கிறது, எப்போது போகும் வழியைச் சொல்கிறது என்று புரியவைக்க நீங்கள் என்ன பயிற்சி கொடுப்பீர்கள்? 'ஸ்வாம்', 'ஜம்ப்ட்' போன்ற வினைகளில் எடுத்துக்காட்டுகள் இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்த வாரம் அவர்களுக்குத் தேர்வு.