மறு: செடித்தொட்டி விளக்குக் கையேடு – 'பயிரொளி' சரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஆழமான நீர்ச்செடித் தொட்டிகளுக்கு எல்.இ.டி. விளக்கு தேர்வது பற்றிய கையேட்டில் வரும் 'பி.ஏ.ஆர்.' (செடிகள் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் ஒளி) என்பதற்கு இதுவரை நான்கு தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: ஒளிச்சேர்க்கைச் செயலூக்கக் கதிர்வீச்சு, பச்சைய ஒளி, வளரொளி, பயிரொளி. என் வாக்கு கடைசிச் சொல்லுக்கு.

முதலாவதில் பிழையில்லை, ஆனால் விளக்குப் பெட்டியின் மேல் அதை அச்சிட முடியாது. 'பச்சைய ஒளி'யை நம்பிக் கடைக்குப் போகிறவர் பச்சை விளக்கோடு வீடு திரும்புவார். 'வளரொளி' காதுக்கு இனிமைதான், ஆனால் வினைத்தொகை. வளர்பிறையில் வளர்வது பிறை. வளரொளியில் வளர்வது ஒளியாகிவிடும், செடி அப்படியே நிற்கும்.

சொல் ஏன் தேவை என்பதையும் பார்க்க வேண்டும். கொளத்தூர் மீன் கடைகளில் விளக்கை வாட் கணக்கில் கேட்கிறோம். பெட்டியில் லுமென் போட்டிருக்கிறது. லுமென் என்பது மனிதக் கண்ணுக்காக எடை போட்ட அளவு. 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சையில் நம் கண் கூர்மையாக இருப்பதால் அந்த நிறத்துக்கு அதில் அதிக மதிப்பு. இலைக்கு அந்தச் சலுகை கிடையாது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதே அதற்குக் கணக்கு. 1972இல் டெக்சாஸில் கீத் மெக்ரீ பல பயிர்களின் இலைகளில் செய்த அளவீடுகள் இந்த எல்லைக்கு வலுவூட்டின. 'பயிர்' என்ற சொல் அந்த வரலாற்றோடும் ஒட்டுகிறது.

60 செ.மீ. ஆழத் தொட்டியில் இந்த வேறுபாடு காசாகவே தெரியும். 650 நானோமீட்டர் சிவப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவை நீரே விழுங்கிவிடும். நீலம் ஏறக்குறைய முழுதாக அடி சேரும். மரக்கட்டை போட்டு நீர் பழுப்பேறியிருந்தால் நீலமும் குறையும். ஆனாலும் பெரிய இழப்பு ஒளி பக்கவாட்டில் விரிவதால்தான். வாட்டைக் கூட்டாமல் ஒளியை 60 பாகைக்குள் குவிக்கும் லென்ஸ் பொருத்திய விளக்கை எடுத்தால் அடித்தளத்துக்குக் கூடுதல் ஒளி போகும். எனவே அட்டவணையில் 'அடித்தளப் பயிரொளி' என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

(ஒரு திருத்தம்: வரைவில் இரண்டு அமானோக்கள் ஒருவராகிவிட்டார்கள். நீல எல்.இ.டி.க்காக 2014 நோபல் பரிசில் பங்கு பெற்றவர் ஹிரோஷி அமானோ. செடித்தொட்டிக் கலையில் புகழ்பெற்றவர் தகாஷி அமானோ.)

— சென்னையிலிருந்து

வணக்கம். இலங்கையில் நாங்கள் ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்று படித்தவர்கள். முதல் சொல் எங்களிடம் வந்தால் பாதியில் உடையும். அந்த வகையில் பயிரொளி இரு கரைக்கும் பொது. ஆனால் ஒரு தடை உண்டு. கண்ணாடியில் படரும் பாசியும் இதே ஒளியில்தான் வளர்கிறது. பாசியைப் பயிர் என்பதா? எங்கள் தீவுச் செடியான கிரிப்டோகோரின் வென்ட்டிக்குக்கூட அந்தப் பெயர் சற்றுப் பெரிதுதான்.

— யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, நெல்லோடு கோரையும் முளைக்கிறது, அதற்காக வயலை நெல்வயல் என்று சொல்லாமல் விடுவதில்லை. பாசியின் கட்டுப்பாடு சொல்லில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அதற்காகவே இன்னொரு சொல்: ஒரு நாளில் விழும் மொத்தத்துக்கு 'நாட்பயிரொளி'. சதுர மீட்டருக்கு நொடிக்கு 40 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு, மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), எட்டு மணி நேரம் என்றால் நாட்பயிரொளி சுமார் 1.15 மோல். அனுபியாஸ், ஜாவா பெரணி, தாங்கள் சொன்ன கிரிப்டோகோரின் ஆகியவற்றுக்கு இதுவே தாராளம். நொடிக் கணக்குக்குப் 'பயிரொளிச் செறிவு', ஒரு ஜூல் மின்சாரத்துக்குக் கிடைக்கும் மைக்ரோமோலுக்குப் 'பயிரொளித் திறன்' என்று வைக்கலாம். மின்கட்டணத்துக்கு அஞ்சுகிறவர் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி எண்ணைத்தான். வாட் குறைந்த விளக்கு என்பதாலேயே அது சிக்கனமாகிவிடாது.

அட்டவணையில் லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென்) பத்தியை நீக்க வேண்டாம். பலரிடம் இருப்பது லக்ஸ் மீட்டர்தான். வெள்ளை எல்.இ.டி.யில் லக்ஸை 70ஆல் வகுத்தால் பயிரொளிச் செறிவு தோராயமாக வந்துவிடும், வெயிலுக்கு 54. நீலமும் சிவப்பும் மட்டும் எரியும் விளக்குகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது என்று அட்டவணைக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.

— சென்னையிலிருந்து