ஊசிக்குப் பிறகு சாவு கூடினதா? திருகோணமலை ஆக்கள் கணக்கோட வாங்கோ

சந்திக்கடை:
2020இல கோவிட் ஊசி இல்லை. இலங்கையில பதிவான மொத்தச் சாவு 2019ஐ விடக் குறைவு. 2021 ஜனவரி 29 ஊசி தொடங்கினது, அந்த வருசமே சாவு எகிறினது. 2022இலயும் பழைய நிலைக்கு இறங்கேல்லை. எங்கட ஒழுங்கையில போட்டவைதான் போய்ச் சேந்தவை. ஆர் பதில் சொல்லுறது?

நிலாவெளிக்காத்து:
ஒழுங்கையில போடாத ஆக்கள் எத்தினை பேர் அண்ணை? அதைச் சொல்லாமல் கணக்கில்லை. விளங்கிறதுக்கு ஒரு கற்பனைக் கணக்கு: 1000 வயோதிபர். 900 பேர் போட்டவை, 100 பேர் போடாதவை. போட்டவையில 9 பேர், போடாதவையில 5 பேர் சாகினம். "போட்டவைதான் கூடச் செத்தது" எண்டு ஊர் கதைக்கும். ஆனா நூற்றுக்கு 1 எங்க, நூற்றுக்கு 5 எங்க?

2021இல எகிறினது எப்ப எண்டும் பாருங்கோ. டெல்டா வந்து ஆகஸ்ட் கடைசியில ஒரு நாளைக்கு 200 பேர் வரை செத்தவை. ஆகஸ்ட் 20இல இருந்து ஒக்டோபர் 1 வரை நாடே பூட்டு. ஊசிதான் கொண்டதெண்டால், ஊசி கூடக் கூடச் சாவும் கூடியிருக்கவேணும். ஒக்டோபரில சாவு விழுந்திட்டுது. 2022 உங்களுக்குத் தெரியாததே? மருந்தில்லாமல் பேராதனை ஆஸ்பத்திரியில திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிப்பாட்டின வருசம். பெற்றோலும் இல்லை.

கிண்ணியாத்தரை:
கணக்கு சரி தம்பி. நம்பிக்கைக்கு என்ன செய்ற? அடக்கினா நிலத்தடித் தண்ணியில வைரஸ் கலக்கும் எண்டு கோவிட்டில மௌத்தான எங்கட மையத்துகள எரிச்சாங்க. அடக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் செல்லியும் கேக்கல்ல. 2021 மார்ச்சிலதான் ஓட்டமாவடியில அடக்க விட்டாங்க. அதே அரசாங்கம் "ஊசி பாதுகாப்பு, வாங்க" எண்டா எங்கட வாப்பாமார் எப்பிடி வருவாங்க? அப்ப இருந்த சுகாதார அமைச்சரே கோவிட்டுக்கு மருந்தெண்டு கேகாலைப் பாணி குடிச்சவங்க!

சந்திக்கடை:
நானா சொல்லுறது சரி. அந்தப் பவித்ரா வன்னியாராச்சியே 2021 ஏப்ரலில நாடாளுமன்றத்தில சொன்னவ: அஸ்ட்ராசெனகா போட்ட 6 பேருக்கு இரத்தக்கட்டி, 3 பேர் சாவு. டென்மார்க் அந்த ஊசியையே கைவிட்டது. இதுவும் வதந்தியோ?

பழைய_மருத்துவமாது:
வதந்தி இல்லைத் தம்பி, நடந்தது. அந்த நேரம் நாட்டில போட்டது ஏறத்தாழ 9 இலட்சம் டோஸ். அதையும் சேத்துச் சொல்லுங்கோ. அந்தக் கட்டி அஸ்ட்ராசெனகா, ஜோன்சன் மாதிரி ஊசிகளோட வந்த பிரச்சினை. இங்க அநேகம் பேருக்கு ஏத்தினது சைனோபார்ம், அது வேற வகை. ஃபைசரால இளம் பெடியளுக்கு இதயத்தசை அழற்சி வந்ததும் உண்மை, அபூர்வமா. பக்கவிளைவே இல்லை எண்டு மேடையில சொன்ன ஆக்கள்தான் எங்கட வேலையைக் கெடுத்தவை.

ஆனா ஹொங்கொங்கைப் பாருங்கோ. 2022 தொடக்கத்தில ஒமிக்ரோன் வரேக்க அங்க 80 தாண்டினவையில பெரும்பாலானோர் ஊசி போடேல்லை. சில மாதத்தில 9000க்கு மேல சாவு. நியூசிலாந்து சனத்துக்கு முதல் ஊசியைப் போட்டிட்டுத்தான் எல்லையைத் திறந்தது. அங்க அப்பிடி நடக்கேல்லை.

சந்திக்கடை:
ஹொங்கொங் எனக்கெதுக்கு அக்கா? திருகோணமலைக் கணக்கைக் காட்டுங்கோ. மாதம் மாதமா, வயசு வாரியா.

நிலாவெளிக்காத்து:
கேக்கவேண்டியதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு நான் எழுதுறன். 2015 தொடக்கம் 2023 வரை கேப்பம். ஒரு வருசத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டால் ரெண்டு பக்கமும் ஏமாத்தலாம்.

சந்திக்கடை:
மாரடைப்பைத் தனியாக் கேளுங்கோ. கிண்ணியா, மூதூர் எல்லாம் பிரதேச செயலகம் வாரியா வேணும். அனுப்ப முதல் இங்க போடுங்கோ, கேள்வியை நான் ஒருக்காப் பாக்கவேணும்.