பொய் சொல்லி விற்கச் சொல்கிறார் முதலாளி, வேலையை விட்டுவிடலாமா?

காரைக்குடித் தம்பி:
காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். செட்டிநாட்டு வீடுகளை இடிக்கும்போது வரும் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்குவாளி, இதெல்லாம்தான் சரக்கு. நிஜமான பழசு இப்போது குறைவு. அதனால் புதிதாகச் செய்து, கறை ஏற்றி, துருப்பிடிக்க வைத்து, 'பெரிய வீட்டுச் சாமான், பர்மா தேக்கு, நூறு வருஷம்' என்று சொல்லச் சொல்கிறார் முதலாளி. போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தேன், அதிலிருந்து அந்தப் பொய் வாயில் வரமாட்டேன் என்கிறது. அம்மாவும் தங்கையும் என் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள், தங்கைக்கு மாப்பிள்ளை வேறு பார்க்கிறோம். சபையில் ஒரு அண்ணன், பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்கிறார். பயந்துகொண்டே தேவனை நம்ப முடியாதா?

தேவகோட்டைக்காரன்:
அந்த அண்ணன் பேச்சை விடுங்கள் தம்பி, சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டார். லூக்கா 14ஐப் படியுங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று கேட்டது அவர்தான், எனவே சம்பளம் போனால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசிப்பது அவிசுவாசம் இல்லை. ஆனால் அதே பேச்சு 33ஆம் வசனத்தில், தனக்கு உள்ளதையெல்லாம் விடாதவன் எனக்குச் சீஷனாக முடியாது என்று போய் முடிகிறது. அதையும் கணக்கில் எழுதுங்கள், தள்ளுபடி கிடையாது. மத்தேயு 10லும் பாருங்கள், குருவி விழவே விழாது என்று சொல்லவில்லை, பிதாவை மீறி விழாது என்றுதான் இருக்கிறது. வேலை போகலாம்.

ஓரியூர் பக்தன்:
நான் கத்தோலிக்கன். எங்கள் புனிதர் அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ சாமியார், லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர், போர்ச்சுகல் அரசர் இரண்டாம் பேதுரு அவருக்குச் சின்ன வயதுத் தோழர். 1686ல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, அப்புறம் ஐரோப்பா போனார். அங்கேயே இருந்துவிடுங்கள் என்று அரசரே கேட்டும் கேளாமல், 1690ல் திரும்பி வந்தார். மறுபடி பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலையை வெட்டினார்கள். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான், ஒருநாள் போய் அந்தச் செம்மண்ணில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வாருங்கள்.

கானாடுகாத்தான் அக்கா:
அந்தக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள் அண்ணே. மறவர் நாட்டுப் பிரமுகர் தடியத்தேவர் அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அதில் ஒருவர் மறவர் நாட்டு அரசர் சேதுபதிக்கு உறவுப் பெண், அவர் போய் முறையிட்டதில்தான் சாமியாரைப் பிடித்தார்கள். விலக்கப்பட்ட அந்தப் பெண்களுக்கும்தான் வாழ்க்கை போனது, அதைப் பிரசங்கத்தில் நான் கேட்டதே இல்லை. தம்பி, உங்கள் விசுவாசத்துக்கு உங்கள் அம்மாவும் தங்கையும் விலை கொடுக்கப்போகிறார்கள் என்றால் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். சம்பளம் வராத மாதத்தில் திடீரென்று தெரியவேண்டாம். அப்புறம் முதலாளியிடம் சண்டைக்குப் போகாமல், 'பழசைப் பழசு என்றும் புதுசைப் புதுசு என்றும் சொல்லி விற்கிறேன், மற்றதற்கு வேறு ஆளை நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று கேட்டுப்பாருங்கள். புதுசு என்று தெரிந்தே அந்த வேலைப்பாட்டுக்காக வாங்குகிறவர்களும் உண்டு. புதிதாகக் கையால் செய்கிற ஆத்தங்குடித் தரைக்கல்லை யாராவது பழசு என்று பொய் சொல்லியா விற்கிறார்கள்?

காரைக்குடித் தம்பி:
நன்றி அக்கா. அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்லிவிடுகிறேன், அழுவார்கள். முதலாளி சம்மதிப்பார் என்று தோன்றவில்லை, ஆனாலும் கேட்கிறேன். ஏற்கெனவே பொய் சொல்லி விற்றதை என்ன செய்வது?

தேவகோட்டைக்காரன்:
லூக்கா 19ல் வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார், அவரிடம் பணம் இருந்தது. வாங்கினவர்கள் நம்பர் இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், மிச்சம் முதலாளி பாடு. அந்த விற்பனைகளில் உங்களுக்குக் கமிஷன் வந்திருந்தால் மட்டும் அது உங்கள் கடன், மெதுவாகவாவது கொடுத்துவிடுங்கள்.